அருந்ததி: பிடிகொடுக்காத பெயர்

அக்கா மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைப்பதற்கு முந்தின நாள் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். ஈரோட்டுப் பக்கத்து வீடுகளில் இந்தப் பேச்சு எப்படிப் போகும் என்று தெரிந்ததுதான். ஜாதகத்துக்கு எந்த எழுத்து வருகிறது, குலதெய்வத்தின் பெயரை எங்கே சேர்ப்பது, ஸ்கூலில் கூப்பிட வசதியாக இருக்குமா என்று நகர்ந்துகொண்டிருந்தது. அவள் நடுவில் ‘அருந்ததின்னு வெக்கலாம்னு இருக்கறனுங்க’ என்றாள். பேச்சு நின்றுவிட்டது. பெரியப்பாதான் முதலில் வாயைத் திறந்தார். ‘பேரு நல்ல பேருதாங் கண்ணு. ஆனா நாளைக்குப் பள்ளிக்கூடத்துல இந்தப் பேரச் சொன்னா, ஆரு என்னன்னு நெனப்பாங்க? வேண்டாஞ் சாமி.’ யாரும் அதற்கு மேல் விளக்கம் கேட்கவில்லை. கொங்கு நாட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த ‘ஆரு என்ன’வுக்கு விளக்கம் தேவையில்லை.

பெரியப்பா கெட்டவர் இல்லை. ஊரில் பத்துப் பேருக்கு நல்லது செய்தவர். இதே பெண்ணின் கல்யாணத்தில், தாலி கட்டி முடிந்ததும், ‘அம்மி மிதிச்சாச்சா, அருந்ததி காட்டியாச்சா’ என்று பந்தலில் நின்று எல்லாவற்றையும் ஒழுங்காக நடத்தி வைத்தவரும் அவர்தான். வானத்தில் இருக்கும்வரை கும்பிடத்தக்க பெயர், நம் வீட்டுத் தொட்டிலுக்கு வந்தால் மட்டும் ஏன் ஆகாது? அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதன்பிறகு இந்தப் பெயரைத் தேடிக்கொண்டே இருந்தேன்.

பெரியப்பா பயந்தது ஒரு சமூகத்தின் பெயரை. அருந்ததியர் என்பது கொங்கு மாவட்டங்களில் தோல் வேலையும் துப்புரவு வேலையும் தலைமுறை தலைமுறையாகத் தலையில் கட்டப்பட்ட மக்கள், வசவாக ஒலித்த பழைய பெயர்களை உதறிவிட்டு ஏந்திக்கொண்ட பெயர். 2009இல் பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டுக்குள் 3 விழுக்காடு உள் இடஒதுக்கீடு இந்தப் பெயரில்தான் சட்டமானது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, இத்தகைய உள் ஒதுக்கீடு செல்லும் என்று சொன்னது. வசிட்ட முனிவரின் மனைவி அருந்ததி எங்கள் வீட்டுப் பெண் என்பது அந்த மக்களின் மரபு. ஆந்திரத்தில் மாதிகர்களும் இதையே சொல்கிறார்கள். ‘தாங்களாகக் கட்டிக்கொண்ட கதை’ என்று இதை ஒதுக்கிப் பேசுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த ஒதுக்கல் சரியில்லை என்பதைச் சமஸ்கிருத நூல்களே சொல்கின்றன.

மனுஸ்மிருதியின் ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு செய்யுள் இருக்கிறது. ஆறு கடலோடு சேர்ந்து கடலின் குணத்தைப் பெறுவதுபோல மனைவி கணவனின் குணத்தைப் பெறுகிறாள் என்று சொல்லிவிட்டு, அதற்குச் சான்றாக இரண்டு பெண்களைக் காட்டுகிறது. தாழ்ந்த பிறப்பைச் சேர்ந்த அக்ஷமாலை வசிட்டரோடு சேர்ந்ததால் வணங்கத்தக்கவள் ஆனாள்; சாரங்கி மந்தபாலனோடு சேர்ந்ததால் அப்படி ஆனாள். அக்ஷமாலை என்பது அருந்ததியின் இன்னொரு பெயர் என்றே மரபு கொள்கிறது. பௌத்தக் கவிஞர் அசுவகோஷர் இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறார். புத்தசரிதத்தின் நாலாம் சருக்கத்தில், சித்தார்த்தனின் மனத்தைப் பெண்கள் பக்கம் திருப்பப் பார்க்கும் உதாயி, ‘மாதங்கியான அக்ஷமாலை’யிடம் வசிட்டர் பிள்ளை பெற்றார் என்று எடுத்துக்காட்டுகிறான். மாதங்கி என்றால் ஒதுக்கி வைக்கப்பட்ட குலத்துப் பெண்; யாரைச் சொல்கிறான் என்பதில் அவன் காலத்துக் கேட்பவர்களுக்குச் சந்தேகம் இருந்திருக்காது. இது ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முந்தைய எழுத்து. அருந்ததியரின் வழக்காறு வேரில்லாமல் முளைத்தது இல்லை.

பிற்காலப் புராணங்கள் இந்தப் பிறப்பை வெவ்வேறு விதமாக எழுதிக்கொண்டன. பாகவதத்தில் அவள் கர்தமர், தேவஹூதி தம்பதியின் ஒன்பது பெண்களில் ஒருத்தி. காளிகா புராணத்தில் அவள் முற்பிறவியில் சந்தியா; பிரமனின் மனத்தில் பிறந்தவள். படைத்தவனே தன்னை ஆசையோடு பார்த்ததைத் தாங்காமல் மலையேறித் தவம் செய்து, உயிர்கள் பிறக்கும்போதே காமத்தோடு பிறக்கக்கூடாது என்று வரம் வாங்கி, மேதாதிதியின் வேள்வித் தீயில் உடலை விட்டு, அதே தீயிலிருந்து மீண்டும் குழந்தையாக வந்தாள் என்கிறது. குழந்தைகளுக்குக் குழந்தைப்பருவத்தை வாங்கிக் கொடுத்தவள் என்று அந்தக் கதையை நான் வாசிக்கிறேன். அதற்காகவே எனக்கு அது பிடிக்கும்.

எலும்பு சேர்க்கும் கொடி

இதற்கெல்லாம் முந்திய அருந்ததி பெண்ணே இல்லை. அதர்வ வேதத்தில் அவள் ஒரு பச்சிலை, ஒரு கொடி. முறிந்த எலும்பை வளரச் செய்கிறவளே, இதையும் வளரச் செய் அருந்ததி, என்று ஒரு பாடல் கேட்கிறது. மஜ்ஜையோடு மஜ்ஜை சேரட்டும், தோலோடு தோல் சேரட்டும் என்று அது நீள்கிறது. இன்னொரு பாடல் உழுகிற எருதுக்கும் கறவைக்கும் முதலில் காப்புக் கொடு என்று அவளை வேண்டுகிறது. உயிரளிப்பவள், கேடு செய்யாதவள், தேனுள்ளவள், பூப்பவள் என்று வேறொரு பாடல் அழைக்கிறது. கணவனும் இல்லை, கற்பும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. அடிபட்ட உடம்பும், அதைச் சேர்த்து வைக்கும் ஓர் இலையும் மட்டும் இருக்கின்றன. மாடும் காடுமாக வாழ்ந்த மக்களின் வாயில் புழங்கிய பெயர் என்று இதைப் படிக்கும்போது தோன்றுகிறது.

நம்மிடம் அவள் வந்து சேரும்போது வானத்துக்குப் போய் விண்மீன் ஆகியிருந்தாள். சங்கப் பாடல்களில் அவள் வடமீன், சிறுமீன், சாலினி. பெரும்பாணாற்றுப்படை ‘வடவயின் விளங்கும் சிறுமீன்’ என்கிறது. கலித்தொகையிலும் புறநானூற்றிலும் வடமீன் உவமையாகிறது. ஐங்குறுநூற்றில் அருந்ததி என்ற பெயரே வருகிறது. சிலம்பின் மங்கல வாழ்த்தில் கண்ணகியைத் ‘தீதிலா வடமீனின் திறம்’ என்கிறார்கள். எல்லா இடத்திலும் கற்புதான். ஆனால் பரிபாடலின் ஐந்தாம் பாடல் வேறொன்றையும் சேர்த்துச் சொல்கிறது. முருகன் பிறக்கும் இடத்தில், வடக்கே விளங்கும் ஏழு மகளிரில் ‘கடவுள் ஒருமீன் சாலினி ஒழிய’ மற்ற அறுவரும் கருவை ஏற்றார்கள் என்கிறது. அந்த அறுவர் கார்த்திகை ஆனார்கள். இவள் ஒருத்தி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தாள். மகாபாரதம் இதையே அக்கினியை விரும்பிய சுவாகாவின் கதையாகச் சொல்கிறது. மற்ற ஆறு முனிபத்தினிகளின் உருவத்தையும் எடுக்க முடிந்த சுவாகாவுக்கு அருந்ததியின் உருவம் மட்டும் கைகூடவில்லை. அவள் வேடத்தை இன்னொருத்தி போட முடியாது.

வானத்தில் அவளைப் பார்க்க விரும்புகிறவர்கள் சித்திரை, வைகாசி மாதங்களில் முன்னிரவில் வடக்கே பார்க்கலாம். சப்தரிஷி மண்டலத்தின் வாலில் இருக்கும் மூன்று மீன்களில் நடுவில் இருப்பது வசிட்டர். அதை ஒட்டி மங்கலாகத் தெரிவது அருந்ததி. இரண்டும் சுமார் 80 ஒளியாண்டு தொலைவில் இருக்கின்றன. ஆதிசங்கரர் பிரம்மசூத்திர உரையில் இதை ஓர் உபாயமாகவே சொல்லியிருக்கிறார்: அருந்ததியைக் காட்ட நினைப்பவன் முதலில் பக்கத்திலிருக்கும் பெரிய மீனைக் காட்டி ‘இதுதான்’ என்பான். கண் அங்கே நிலைத்ததும், ‘அது இல்லை, இது’ என்று சின்னதைக் காட்டுவான்.

தாமரைக்குளத்தில் கேட்ட கேள்வி

பெயரின் பொருளைத் தேடியபோது நான் நெடுநாள் நின்ற இடம் ஒன்று உண்டு. இலக்கணப்படி ‘ருத்’ என்ற வேரிலிருந்து வருவது இந்தச் சொல். மறிப்பது, தடுப்பது, அடைத்து வைப்பது என்பது வேரின் பொருள். அருந்ததி என்றால் மறிக்காதவள். எக்காரணத்தாலும் அறத்தை மறிக்காதவள் என்று காளிகா புராணம் விரிக்கிறது. ஆனால் குழந்தைப் பெயர்ப் புத்தகங்களில் ‘கணவனுக்கு இணங்கி நடப்பவள்’ என்று போட்டிருக்கும். அது எங்கிருந்து வந்தது என்று தேடப் போனால், அதையும் மகாபாரதத்தில்தான் பார்த்தேன். சொன்னவள் அருந்ததியே. சொன்ன இடம்தான் முக்கியம்.

அனுசாசன பர்வத்தில் ஒரு பஞ்ச காலம். ஏழு முனிவர்களும் அருந்ததியும், கண்டை என்ற பணிப்பெண்ணும், அவள் கணவன் பசுசகனும் பசியில் அலைகிறார்கள். விருஷாதர்ப்பி என்ற அரசன் தானம் தர வருகிறான். அரசனின் தானத்தை ஏற்க மாட்டோம் என்கிறார்கள். அத்திப்பழங்களுக்குள் பொன்னை மறைத்து அனுப்புகிறான். எடை கனக்கிறது என்று அதையும் விட்டுவிட்டுப் போகிறார்கள். அவமானப்பட்ட அரசன் வேள்வி செய்து ஒரு யாதுதானியை, ஒரு பேய்மகளை, உண்டாக்குகிறான். அவளுக்கு அவன் இட்ட கட்டளை: ஒவ்வொருவரின் பெயரையும், பெயரின் பொருளையும் தெரிந்துகொள், தெரிந்துகொண்டபின் கொன்றுவிடு.

அவள் ஒரு தாமரைக்குளத்தைக் காத்து நிற்கிறாள். பசித்தவர்கள் தாமரைத் தண்டு பறிக்க வருகிறார்கள். ‘பறித்துக்கொள்ளுங்கள். முதலில் ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்லுங்கள்’ என்கிறாள். அவள் யார், எதற்குக் கேட்கிறாள் என்று அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது. பெயரைச் சொல்லாமலும் இருக்க முடியாது, பசி. அதனால் அத்திரி தொடங்கி ஒவ்வொருவரும் தம் பெயரை விடுகதையாக்கி, ஒலிகளைப் புரட்டி, வேர்களை மாற்றிப் போட்டு, கேட்டால் மனத்தில் தங்காதபடி சொல்கிறார்கள். யாதுதானி ஒவ்வொருவருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்கிறாள்: உன் பெயருக்கு நீ சொன்ன விளக்கத்தின் எழுத்துகள் எனக்குப் பிடிபடவில்லை, போ, குளத்தில் இறங்கு. அருந்ததியின் முறை வருகிறது. பூமிக்குரிய மூன்று சொற்களை அடுக்கி, கணவனுக்கு அடுத்து நிற்கிறேன் என்று சொல்லி, அவன் மனத்தை ‘அனுருந்ததி’, அதாவது இணங்கி நடப்பவள், ஆகவே என்னை அருந்ததி என்று அறி என்கிறாள். யாதுதானிக்கு இதுவும் பிடிபடவில்லை. போ என்று விட்டுவிடுகிறாள்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். உயிரைக் காப்பாற்றிக்கொள்ள, எதிரியின் கையில் சிக்காமல் இருக்க, ‘அ’வை ‘அனு’வாக மாற்றிச் சொன்ன பதில் அது. எதிரிக்குப் புரியக்கூடாது என்று சொன்ன பொருளைத்தான் நாம் பெயர்ப் புத்தகங்களில் அச்சடித்து, ‘இதுவே பொருள்’ என்று பெண் குழந்தைகளின் காதில் ஓதிக்கொண்டிருக்கிறோம். வீட்டுச் சடங்குகளைச் சொல்லும் கோபில கிருஹ்ய சூத்திரம் கல்யாண இரவில் மணப்பெண்ணை அருந்ததியைப் பார்த்து ‘ருத்தா அஹம் அஸ்மி’ என்று சொல்லச் சொல்கிறது. நான் மறிக்கப்பட்டவள், கட்டுண்டவள் என்பது பொருள். மறிக்காதவளைப் பார்த்துச் சொல்ல வைத்த வாக்கியம் அது. அதை எழுதியவருக்கு வேர் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

யாதுதானியின் கேள்வி எனக்குப் பழக்கமான கேள்வியாகவும் இருந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் பெயரைக் கேட்பது பெயரைத் தெரிந்துகொள்வதற்காக மட்டும் இல்லை. ‘உம் பேரென்ன? அப்பா பேரென்ன? எந்த வளவு?’ என்று கேட்டு, பதிலிலிருந்து ஆளை எங்கே வைப்பது, திண்ணையிலா வாசலிலா, எந்தத் தம்ளரில் தண்ணீர் கொடுப்பது என்று முடிவு செய்தவர்கள் என் தாத்தா காலத்தவர்கள். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் இன்றும் அதே கேள்வி வேறு சொற்களில் வருகிறது. அருந்ததியர் பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்தக் குளக்கரையில் நின்று, பெயரைச் சொல்லலாமா, எப்படிச் சொல்வது என்று யோசித்திருக்கிறார்கள். பெரியப்பா பயந்ததும் அந்தக் கேள்விக்குத்தான். நம் பேத்தியிடம் யாராவது அப்படிக் கேட்டுவிட்டால், பதிலைக் கேட்டுத் தப்பாக வைத்துவிட்டால் என்று பயந்தார். கேட்பது தப்பு என்று அவருக்குத் தோன்றவில்லை.

இதை அவரிடமே சொன்னேன். முழுக்கதையையும் சொன்னேன், மனு சொன்னதையும் சேர்த்து. பொறுமையாகக் கேட்டார். ‘படிச்சவன் நாலுஞ் சொல்லுவ. ஊருக்குள்ள இருக்கறது நாங்கதானே’ என்றார். அக்கா மகள்தான் கடைசியில் பேசினாள். ‘அப்புச்சி, நீங்கதானே எனக்கு அந்த அருந்ததியக் காட்டி வெச்சீங்க? அதே பேருதானுங்க. ஆரு என்ன நெனச்சாலும் நெனச்சுட்டுப் போவட்டும்.’ நகராட்சியில் அந்தப் பெயரையே பதிந்தார்கள். பெரியப்பா இன்னமும் குழந்தையைப் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுகிறார். அது எனக்கு வருத்தம்தான்.

மந்தபாலன் சொன்ன கதை

அருந்ததி மீன் ஏன் மங்கலாக இருக்கிறது என்பதற்கும் மகாபாரதம் ஒரு காரணம் சொல்கிறது. இந்தப் பெயரை வைத்தவர்களிடம் யாராவது இதைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள் என்பதால் இதையும் பேச வேண்டும். அவள் நலத்தையே நினைத்த தூய வசிட்டரை அவள் சந்தேகப்பட்டாள்; அந்த நினைப்பின் பயனாகப் புகைபடிந்த செந்நிறமாகி, சில நேரம் தெரிந்தும் சில நேரம் தெரியாமலும், அழகு குன்றி, கெட்ட சகுனம்போல நிற்கிறாள் என்கிறது ஆதி பர்வம். இதைச் சொல்வது யார்? மந்தபாலன். மனு அக்ஷமாலையோடு சேர்த்துச் சொன்ன சாரங்கியின் கணவன். பிள்ளை வேண்டும் என்பதற்காகச் சாரங்கப் பறவையாகி, சரிதை என்ற அந்தச் சாரங்கியிடம் நாலு முட்டைகளை விட்டுவிட்டு லபிதை என்ற இன்னொருத்தியின் பின்னால் போனவன். காண்டவ வனம் எரிந்தபோது, சிறகு முளைக்காத குஞ்சுகளோடு அந்தத் தாய் தனியாகத் தவித்தாள். அக்கினியை வேண்டிக் குஞ்சுகளைக் காத்தது அவன்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் எல்லாம் அடங்கியபின் திரும்பி வந்தவனை அவளும் பிள்ளைகளும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்போது, பெண்களின் பொறாமையைப் பற்றி அவன் செய்யும் உபதேசத்தில் அருந்ததியின் பெயர் வருகிறது. விட்டுவிட்டுப் போன கணவன், கேள்வி கேட்ட மனைவியிடம் சொன்ன கதை அது. அதை வானத்தின் விதியாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். பீஷ்ம பர்வத்தில் வியாசர் திருதராட்டிரனுக்குப் போரின் தீ நிமித்தங்களை அடுக்கும்போது, அருந்ததி வசிட்டரைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னே போகிறாள் என்பதையும் ஒன்றாகச் சேர்க்கிறார். அவள் சந்தேகப்பட்டால் ஒளி குறைகிறது. முன்னே நடந்தால் உலகம் அழிகிறது. இவ்வளவு பெரிய காவியத்துக்கு ஒரு சின்ன மீனிடம் இத்தனை அச்சம் இருந்திருக்கிறது.

அக்கா மகள், குழந்தை வளர்ந்து பெயருக்குக் கதை கேட்டால் எதைச் சொல்வது என்று என்னைக் கேட்டாள். சல்லிய பர்வத்தில் வரும் இலந்தைப்பழக் கதையைச் சொன்னேன். முனிவர்கள் அருந்ததியை ஆசிரமத்தில் விட்டுவிட்டுக் கனியும் கிழங்கும் தேடி இமயத்துக்குப் போகிறார்கள். 12 ஆண்டு மழை இல்லை. சிவன் ஓர் அந்தணர் உருவில் வந்து சோறு கேட்கிறார். தானியம் தீர்ந்துவிட்டது, இலந்தைப்பழம் இருக்கிறது என்கிறாள். சமைத்துக் கொடு என்கிறார். அடுப்பில் ஏற்றிவிட்டு, அவர் சொல்லும் கதைகளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். சாப்பிடவில்லை, எழுந்திருக்கவில்லை. 12 ஆண்டும் அவளுக்கு ஒரு பகலாகப் போய்விடுகிறது. முனிவர்கள் கனிகளோடு திரும்பி வந்தபோது சிவன் அவர்களிடம் சொல்கிறார்: மலையில் நீங்கள் சேர்த்த தவமும், வீட்டிலிருந்து இவள் சேர்த்த தவமும் சமமில்லை, இவளுடையதே பெரிது. வரம் கேள் என்றபோது, இந்த இடம் பதரபாசனம் என்ற தீர்த்தமாகட்டும், இங்கே மூன்று இரவு நோன்பிருப்பவர்களுக்கு 12 ஆண்டு நோன்பின் பலன் கிடைக்கட்டும் என்று கேட்டாள். தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை.

இதை முதலில் சொல், கொடியின் கதையை அடுத்துச் சொல், கொஞ்சம் வளர்ந்ததும் தாமரைக்குளத்துக்குக் கூட்டிப் போ என்றேன். மனுவையும் மந்தபாலனையும் அவள் படிக்கிற வயதில் அவளே படித்துக்கொள்வாள். அருந்ததியர் அந்தப் பெயரை எப்படிப் பெற்றார்கள் என்பதை மட்டும், பள்ளிக்கூடத்தில் வேறு யாரும் சொல்வதற்கு முன்னால், அம்மா வாயால் கேட்டுவிட வேண்டும்.